ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போன கண்டக்டர்

எங்க மாமா பஸ் கண்டக்டர். அம்மாவோட தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்க வீட்டில்தான் சாப்பாடு, அதனால அவரைக் கலாய்க்கிற முழு உரிமை எனக்கு உண்டு. அவர் வண்டி ஜூ வாசலில் நிற்கிறபோதெல்லாம் "ஜூ இறங்கு, ஜூ இறங்கு" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஊரையே இறக்கிவிட்ட மனுஷன், தான் ஒரு தடவைகூட அங்கே இறங்கினதில்லை. அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஜூவுக்கும் அன்றைக்கேதான் விடுமுறை.

சாயங்காலம் திரும்புகிற பிள்ளைகளிடம் டிக்கெட் கிழித்துக்கொண்டே விசாரிப்பார்.

"ஒட்டகச்சிவிங்கி பார்த்தியா? என்ன பண்ணுச்சு?"

புலி, யானை பற்றியெல்லாம் கேட்கவே மாட்டார். அது என்ன மாமா அதுமேல மட்டும் அப்படியொரு இது என்றால், "அதப் பத்திச் சொல்றப்ப எல்லா பிள்ளைங்களும் தலைய மேல தூக்குதுங்கடா. வேற எதுக்கும் அப்படித் தூக்குறதில்ல" என்பார்.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வேற ஊர் டிப்போ. போகிறதுக்குள் பார்த்தே தீருவது என்று, கூட வேலை செய்கிறவரிடம் கெஞ்சி ட்யூட்டியை மாற்றி, ஒரு வியாழக்கிழமை லீவு வாங்கினார். பேன்ட்டை மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டார்.

"பொண்ணு பார்க்கவா போறோம் மாமா?"

"வாய மூடிட்டு வாடா." காது சிவந்துவிட்டது.

நிறுத்தம் வந்ததும் பழக்கதோஷத்தில் "ஜூ இறங்கு!" என்று அவரே கத்த, வண்டியே சிரித்தது. இறங்கினது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்.

கேட்டில் பூட்டு. காவலாளி வாயை மூடித் துணி கட்டியிருந்தார்.

"பறவைக் காய்ச்சல்ண்ணே. காலையிலதான் உத்தரவு வந்துச்சு. ஒரு மாசத்துக்கு யாரையும் விடக்கூடாது."

"ஒட்டகச்சிவிங்கி பறவையாங்க?"

"இல்லதான். ஆனா கேட்டு ஒண்ணுதானேண்ணே இருக்கு."

சில்லறைக்காகப் பயணிகளோடு மல்லுக்கு நிற்கிற மாமா, அன்றைக்குப் பூட்டை மட்டும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். மதிலை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். நடுநடுவே குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். எட்டுகிற உயரமா அது?

பின்பக்கம் ஒரு மரம் இருந்தது. ஏறிவிட்டேன். மரமேறுவதும் புளுகுவதும்தான் எனக்கு உருப்படியாக வரும். பள்ளிக்கூடத்தில் ரெண்டுக்குமே மார்க் கிடையாது.

உள்ளே ஒரு தகரக் கூரை. காலிக் கூண்டு. சொட்டுகிற ஒரு குழாய். அவ்வளவுதான்.

"தெரியுதாடா?"

"தெரியுது மாமா! கழுத்து மட்டும்."

"நாக்கு கருப்பாவா இருக்கு?"

எனக்கென்ன தெரியும்? "கருப்புதான். இலையச் சுத்தி இழுக்குது."

"நம்மளப் பார்க்குதா?"

அதுவரைக்கும் வாய் கூசாமல் புளுகினவன், இதுக்கு மட்டும் காலிக் கூண்டை இன்னொரு தடவை பார்த்தேன்.

"பார்க்குது மாமா."

அவர் மதில்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கிளையில உட்கார்ந்துக்கிட்டு என்கிட்டயே அளக்குறியேடா," என்றார். குரலில் கோபமே இல்லை.

"இறங்கட்டுமா மாமா?"

"என்ன அவசரம்? பஸ் வர நேரமிருக்கு. இன்னும் கொஞ்சம் சொல்லு."