நடைத்துரையின் கண்கள்

கட்டைவிரல் இமையை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தது. ஈரக் களிமண் இணங்கி வந்தது. இன்னும் ஒரு நூல் இழுத்தால் முகம் தூங்கிவிடும். இடது கை தலையின் பின்புறத்தைத் தாங்கியிருக்க, வலது கை மூங்கில் சீவலை எடுத்து இமையின் ஓரத்தை ஒதுக்கியது. சீவலைக் கீழே வைத்தது. மறுபடியும் எடுத்தது. ஒதுக்கியதையே திரும்ப ஒதுக்கியது. ஓர் இமைக்கு இரண்டாம் தடவை போய்ப் பழக்கமில்லாத கைகள் அவை. இன்று காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தன.

சாந்தோம் குப்பத்துக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்த சந்தில் பவுல்சாமியின் வீடு. புனிதர்களின் சுரூபம் செய்கிறவர் என்றால் கோயில் பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரியும். யாரிடமும் அவர் தொழில் கற்கவில்லை. சின்ன வயதில் கோயில் சாமான் அறையைப் பெருக்கப் போனபோது, சீமையிலிருந்து கப்பலில் வந்த சுரூபங்கள் கை ஒடிந்தும் மூக்கு போயும் வைக்கோலுக்குள் கிடந்தன. சூசையப்பருக்கு ஒரு விரல் ஒட்டினார். அந்தோணியாரின் தலையைத் திரும்ப வைத்தார். உள்ளே கூடு எப்படி, கம்பி எங்கே ஓடுகிறது, சாந்து எவ்வளவு கனம் என்பதையெல்லாம் உடைந்த இடங்களே காட்டிக்கொடுத்தன. பிறகு தானே மண்ணில் உருவம் பிடித்து, அச்சு எடுத்து, பாரிஸ் பிளாஸ்டர் ஊற்றிப் பழகினார். யுத்தம் வந்து கப்பல் நின்றதும் செங்கல்பட்டுப் பக்கத்துப் பங்குகள்கூட அவரைத் தேடி வந்தன.

அந்தத் தொழிலில் கண்தான் எல்லாம். சுரூபம் பீடத்தின் மேல் நிற்கும். கும்பிடுகிறவர் கீழே முழந்தாளில் இருப்பார். அவர் அண்ணாந்து பார்க்கும்போது புனிதர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்ற வேண்டுமானால், இமை தாழ்ந்து பார்வை கீழே இறங்க வேண்டும். பவுல்சாமி செய்த செபஸ்தியாரும் சரி, மாதாவும் சரி, எல்லாரும் கீழேதான் பார்த்தார்கள்.

இப்போது கையில் இருந்தது புனிதர் இல்லை. ஒரு கர்னல்.

நாற்பத்தாறாம் வருஷம், மழை விட்ட சமயம். திருவல்லிக்கேணியிலிருந்து ஷாஹுல் ஹமீது என்று ஒருவர் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து விலகியவர். ரெஜிமென்டில் அவர்களுடைய பட்டாளத்தை மட்டும் கலைக்கப் போகிறார்கள் என்றும், பர்மாவில் அதை நடத்திய கர்னல் ஆஷ்வொர்த் சண்டை முடிந்தபின் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் சொன்னார். ரெஜிமென்டின் பெரிய கூடத்தில் பழைய தளபதிகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றனவாம். தங்கள் துரைக்கு அங்கே ஒரு மார்பளவுச் சிலை வைக்கச் சிப்பாய்களே முடிவு செய்தார்களாம். பட்டாளத்தின் பெயரைக் கேட்டபோது பவுல்சாமி பிளாஸ்டர் பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. சாந்து விரல்களோடு இறுகிவிட்டது.

அவருடைய ஒரே மகன் லூயிஸ் அந்தப் பட்டாளத்தில்தான் இருந்தான். ஒரு ஆற்றைக் கடக்கும்போது செத்துப்போனான். அனுப்பியது அந்தக் கர்னல்.

அதை வந்தவரிடம் பவுல்சாமி சொல்லவில்லை. செய்து தருகிறேன் என்று மட்டும் சொன்னார். பிள்ளையைப் போகச் சொன்னவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஷாஹுல் ஹமீது கொண்டுவந்த புகைப்படத்தில் மூக்கும் மீசையும் தாடையும்தான் தெளிவாக இருந்தன. தொப்பியின் நிழல் விழுந்து, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். மற்றதெல்லாம் படத்திலிருந்து வந்தது. கண்ணை அவரேதான் வைத்தாக வேண்டும்.

மனைவி ஃப்ளோராவுக்கு விஷயம் தெரிந்த அன்று அடுப்பு எரியவில்லை.

"என் புள்ளைய ஆத்துல எறக்கினவன் மூஞ்சி என் வூட்டுக் கூடத்துல குந்திகினு கீது. அது முன்னாடி நான் சோறு துன்னணுமா?" என்றாள்.

தொழில் என்று வந்தால் செய்துதான் ஆகவேண்டும் என்று அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"தொழிலு. பட்டாளத்துக்குப் போவட்டுமான்னு அவன் உன்னாண்ட வந்து கேட்டப்போ இதே மாரிதான் ஏதோ ஒரு சாமி கண்ண நோண்டிகினு இருந்த. தலைய தூக்கினியா நீ? உன் இஷ்டம்னு மண்ணப் பாத்துகினே சொன்ன."

அது நடந்ததுதான்.

அதன்பின் அவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மண்ணுக்கு முன் உட்காருவார், எழுந்து கடற்கரைக்குப் போவார், கட்டுமரம் கரையேறுவதைப் பாதி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். கச்சேரி ரோட்டில் சாமான் வாங்கப் போய், என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரத்துணியை விலக்கி அந்த முகத்தைப் பார்ப்பார், மூடுவார். துணி மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தது. காலையில் கூடத்தைக் கடக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஃப்ளோராதான் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "மண்ணு வெடிச்சா மறுபடியும் மொதல்லேர்ந்து செய்வ. இது இன்னும் ஒரு மாசம் இங்க கெடக்கும்" என்றாள்.

இமையை இரண்டாவது தடவை ஒதுக்கிய அந்தக் காலையில்தான் ஷாஹுல் ஹமீது மறுபடி வந்தார். உடன் கிச்சா என்று ஒருவர். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், பட்டாள ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். மண் உருவத்தைப் பார்த்துச் சரி சொன்னால் அச்சு எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு.

பவுல்சாமி துணியை எடுத்தார். இருவரும் பார்த்தார்கள். கிச்சா ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மீசை அவரேதான். தாடையும் அப்படியே இருக்கு," என்றார். "ஆனா மேஸ்திரி, இவருக்கு மெழுகுவத்தி ஏத்தி மண்டி போடலாம் போலன்னா இருக்கு. எங்க துரை எங்களுக்காக ஒரு நாளும் ஜெபம் பண்ணினதில்லையே."

ஷாஹுல் ஹமீது சிரிக்கவில்லை. குனிந்து, மண் முகத்தின் கண்ணுக்கு எதிரே தன் கண்ணைக் கொண்டுபோக முயன்றார். முடியவில்லை. அது தரையைப் பார்த்தது.

இது அவர் இல்லை என்று ஷாஹுல் ஹமீது மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் இருந்த தளபதியை எல்லாரும் சுண்ணாம்புத் துரை என்பார்களாம். காட்டுக்குள் முகாம் போட்டாலும் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். பெல்ட்டைப் பார்ப்பார், பூட்ஸைப் பார்ப்பார். அதற்குமேல் ஒரு ஆள் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அவர் காலத்தில் பட்டாளம் பளபளவென்று இருந்தது, யாரும் யாரையும் நம்பவில்லை. பிறகு ஆஷ்வொர்த் வந்தார். அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. பேசும்போதும் நடப்பார், சாப்பிடும்போதும் நடப்பார், வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்துகொண்டே இருப்பார். நடைத்துரை என்று பெயர் வைத்தார்கள். பூட்ஸ் கிழிந்தது, சுண்ணாம்பு டப்பாக்களை ஆற்றில் போட்டார்கள். யாரிடம் பேசினாலும் அந்த ஆளுக்கு முன்னால் மட்டும் நின்று, முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் பேசுவார். பேரைத் தப்பும் தவறுமாகச் சொல்வார், ஆனால் எல்லார் பேரையும் சொல்வார்.

"என்னைப் பல வருஷம் சாவூல்னுதான் கூப்பிட்டாரு," என்றார் ஷாஹுல் ஹமீது. "ஆனா என்னைப் பாத்துதான் கூப்பிட்டாரு. அந்தக் கண்ணுதான் மேஸ்திரி வேணும்."

பவுல்சாமி மூங்கில் சீவலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆத்தங்கரையிலயும் நேராதான் பாத்தாரா, பாய்?"

"எந்த ஆத்தங்கரை?"

"படகுல ஆளுங்களை ஏத்தி அனுப்பினாரே, அந்தக் கரை. லூயிஸ் என் மவன்."

கிச்சா தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். ஷாஹுல் ஹமீது பக்கத்தில் கிடந்த பிளாஸ்டர் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மவுத்ஆர்கன் வாசிப்பானே, அந்த சாந்தோம் லூயிஸா என்று கேட்டார். ஆமாம் என்று உள்ளேயிருந்து ஃப்ளோராவின் குரல் வந்தது. அவள் கதவு நிலையில் வந்து நின்றுகொண்டாள்.

முன்பே சொல்லியிருந்தால் இந்த வேலையை உங்களிடம் கொண்டுவந்திருக்கவே மாட்டேன் என்றார் ஷாஹுல் ஹமீது. பிறகு, கேட்டதால் சொன்னார். எதிர்க்கரையில் யாரும் இல்லை என்று செய்தி வந்திருந்தது. துரை அதை நம்பினார். விடிகிற நேரத்தில் படகுகளை இறக்கினார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவன் முன்னாலும் அவர் நின்றார். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தார். லூயிஸின் தோள்வார் முறுக்கிக்கொண்டிருந்தது, அதைத் தன் கையால் சரி செய்தார். நடு ஆற்றுக்குப் போனதும் எதிர்க்கரையிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். கரை காலியாக இல்லை. கர்னல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, திரும்பி வந்தவர்களை இழுத்துப்போட்டார். வராதவர்களுக்காக அங்கேயே நின்றார். அந்த மனிதர் அசையாமல் நின்றதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"சாயங்காலம் எல்லாரையும் கூட்டினாரு. அரைகுறைத் தமிழ்ல சொன்னாரு. தப்பு என்னுது. படகுல போனவன் தப்பு இல்ல, ஓட்டினவன் தப்பு இல்ல, நான் தப்புன்னாரு. பக்கத்துல இருந்த ஆபீசருங்களுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஒரு கர்னல் சிப்பாய்கிட்ட அப்படிச் சொல்லக்கூடாது. அவர் எங்க முகத்தைப் பாத்துதான் சொன்னாரு."

"சுண்ணாம்புத் துரையா இருந்தா படகோட்டி மேல பழியை எழுதிப்பிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்," என்றார் கிச்சா. "அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் டைப் அடிக்கணும்."

ஃப்ளோரா கதவு நிலையை விட்டு நகரவில்லை. "தப்புன்னு சொல்லிட்டா புள்ள வந்துடுமா?"

"வராதும்மா," என்றார் ஷாஹுல் ஹமீது. "ஆனா கொஞ்ச நாள்ல அதே ஆத்தைத் தாண்டச் சொன்னாரு. ஒருத்தன் பின்வாங்கலை. மொதல் படகுல அவர் ஏறினாரு. அவர் பொய் சொல்லமாட்டாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்."

வேறு யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று பவுல்சாமி தலையசைத்தார். அவர்கள் போனபின் துணியைப் போர்த்தவில்லை.

இமையைத் தூக்குவது லேசாக இல்லை. எத்தனையோ வருஷமாகக் கீழே இழுத்துப் பழகிய கட்டைவிரல், மேலே தள்ளச் சொன்னால் தடுமாறியது. முதலில் தூக்கியபோது முகம் பயந்து நின்றது. சற்றுத் தாழ்த்தினார், மறுபடி அந்தோணியார் வந்து உட்கார்ந்துகொண்டார். கருவிழியை ஆழமாகத் தோண்டினார். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் ஏரோது ராஜாவின் சேவகன் போல் முறைத்தது. மண்ணை வழித்துப்போட்டு வெறும் குழியிலிருந்து தொடங்கினார். நடுவில் எழுந்து கோயிலுக்குப் போய், தான் செய்த சுரூபங்களின் முன் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். நிற்கிறவனை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தார். தோள்வாரைச் சரி செய்த கை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தக் கை தன்னுடையதாக இருந்திருக்கலாம். லூயிஸ் வந்து கேட்ட அன்றைக்கு இதே வீட்டில், இதே இடத்தில், தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் ஒரு மத்தியானம், மேலிமை கருவிழியின் நுனியை மட்டும் தொட்டு நிற்கும்படி வைத்தார். கீழிமையில் ஒரு சின்னக் கனம் கொடுத்தார். புருவத்தைத் தொடவே இல்லை. பின்னால் நகர்ந்து பார்த்தார். இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார். தன்னை நம்ப முடியவில்லை.

"ஃப்ளோரா. செத்த வந்து இது முன்னாடி நில்லு."

"நானா?"

"உன் கண்ணு உசரத்துக்குத்தான் வச்சிகீறேன். எங்க பாக்குறான்னு சொல்லு."

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு நாளாகக் கூடத்தில் இருந்த அந்த முகத்துக்கு முன்னால் முதல் தடவையாக நின்றாள். வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள். ஃப்ளோரா அசையவில்லை.

"என்னையேதான் பாக்குறான்," என்றாள்.

"குனியுதா?"

"இல்ல. குனிய வேணாம். தப்பு பண்ணவன் இப்படியே நிக்கட்டும். நான் பாக்குறேன்," என்றாள்.

அவர் மேற்கொண்டு அதைத் தொடவில்லை. மறுநாள் அச்சு எடுத்தார். பிளாஸ்டர் ஊற்றி, காயவைத்து, பொருத்துகளைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெண்கலச் சாயம் பூசினார். சாயம் கண்ணுக்குள் தேங்கிவிடாமல் ஒரு கிழிசல் துணியை முறுக்கி ஒற்றி எடுத்தார்.

ரயிலுக்குக் கொண்டுபோக ஒரு வண்டியோடு ஷாஹுல் ஹமீதும் கிச்சாவும் வந்தார்கள். கள்ளிப்பெட்டியில் ஃப்ளோரா வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். மூக்குப் பக்கம் இன்னும் போட வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். ஷாஹுல் ஹமீது சிலையின் முன் போய் நின்றார். முதலில் கால்கள் சேர்ந்தன. பிறகு கை தானாக நெற்றிவரை போய், பாதியில் இறங்கியது.

"எங்க வைப்பீங்க?" என்று கேட்டார் பவுல்சாமி.

அந்தக் கூடத்தில் எல்லாத் தளபதிகளும் உயரத்தில்தான் இருக்கிறார்கள் என்றார் கிச்சா. சுண்ணாம்புத் துரையின் படம் கதவுக்கு மேலே இருக்கிறது. இதற்கும் ஒரு உயரமான தூண் சொல்லியிருக்கிறார்கள்.

"வேணாம்," என்றார் பவுல்சாமி. உள்ளங்கையைத் தன் கண்ணுக்கு நேராக வைத்துக் காட்டினார். "கண்ணு இங்க வரணும். மேல வச்சா செவுத்தைப் பாத்துகினு இருப்பாரு. ஒரு சிப்பாயி வந்து நின்னா, அவன் மூஞ்சிக்கு நேரா இருக்கணும். தூணை அறுக்கச் சொல்லுங்க."

"அறுத்துடறோம்," என்றார் ஷாஹுல் ஹமீது.

பவுல்சாமி சிலையை இரு கைகளாலும் பலகையிலிருந்து எடுத்தார். ஒரு கணம் அது அவர் முகத்துக்கு எதிரே இருந்தது. பிறகு நீட்டினார். ஷாஹுல் ஹமீது கைகளை விரித்து வாங்கினார்.

"கனமாத்தான் இருக்கு."

"அடியில புடிங்க, பாய்," என்றார் பவுல்சாமி. பிடித்துக்கொண்டார் என்று தெரிந்ததும் கையை எடுத்தார்.