சதுரத்துக்குள் ஒரு முக்கோணம்

எங்களுக்குக் கார் வந்ததில் முதலில் நஷ்டப்பட்டது கோழிகள்தான். அப்பா லாரி ஓட்டிய எண்ணெய் மில்லின் கிடங்கில் ஒரு பழைய சீமைக் கார் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. காவல்காரர் வீட்டுக் கோழிகள் அதன் பின் சீட்டில்தான் முட்டையிடும். கிழிந்த பஞ்சுக்குள் கையை விட்டு முட்டை தேடுவது என் வேலை. ஒருநாள் முதலாளி அப்பாவிடம், சும்மா இடத்தை அடைக்கிறது, ஓட்ட முடிந்தால் நீயே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். அன்று அப்பாவுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. கோழிகள் இனி எங்கே போகும் என்று எனக்கும் இறங்கவில்லை.

ஓட்ட முடிந்தால் என்றாரே, அதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் காரில் ஓடக்கூடியது எலி மட்டும்தான். என்ஜின் எப்படியோ உயிரோடு இருந்தது. மற்றபடி பிரேக் பிடிக்காது, விளக்கு எரியாது, ரிவர்ஸ் கியர் விழாது. வலதுபக்கப் பின்கதவில் கண்ணாடி போய், அந்த இடத்தில் யாரோ தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மில் மெக்கானிக்கை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கை ஒழியும். பௌர்ணமிக்கு இன்னும் மூன்று ஞாயிறுகள்தான் இருந்தன. அப்பா பௌர்ணமிக்குள் என்று குறி வைத்தது அத்தைக்காக.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தார். ஒரு பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றியவர். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாகக் கொல்லைப்புறம் வரைதான் நடை, அதுவும் கோலைப் பிடித்துக்கொண்டு. மாட்டு வண்டியில் ஏறச் சொன்னால் மாட்டைவிட அதிகமாக மிரளுவார். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கும். எங்கள் சந்தில் மட்டும் எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டி மறைத்துவிட்டார். அந்த மாடியை அத்தை காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திட்டுவார். வேளை தவறியதில்லை.

முதலில் எதைச் சரிசெய்வது என்பதில் ஆளுக்கு ஒரு யோசனை. அம்மாவுக்குப் பெயின்ட். "துருப்புடிச்ச டப்பாவ தெருவுல கொண்டாந்து நிறுத்துனா எனக்குத்தான் அசிங்கம்" என்றார். எனக்கு ஹாரன். பாய் ரிவர்ஸ் கியரிலேயே நின்றார்.

"டிரைவரே, பின்னால போகாத வண்டிய எப்படி ரோட்டுல எடுப்பீங்க?"

"மலைய சுத்துறவன் எவன் பாய் பின்னால போறான்?" என்றார் அப்பா.

கடைசியில் அப்பா சுண்ணாம்பைக் குழைத்துக் கிடங்குச் சுவரில் வரிசையை வரைந்துவிட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் எழுத்து தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. படம் இருக்கும்போது எழுத்து எதற்கு? மேலே ஒரு பாதம், அது பிரேக். அடுத்து ஒரு சதுரம், அதற்குள் ஒரு முக்கோணம். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. அது சீட். அப்பாவுக்கு ஆள் என்றால் ஒரு புள்ளிதான், கை கால் எல்லாம் போட மாட்டார். பிறகு இரண்டு கண் போல விளக்கு. அதற்கும் கீழே, கிட்டத்தட்டத் தரையை ஒட்டி, என் ஹாரன். ரிவர்ஸுக்கு இடமே இல்லை.

"முக்கோணம் இன்னாப்பா?" என்று கேட்டேன்.

"அது ஜன்னலு. போய் முட்டையப் பாரு."

ஜன்னலுக்குள் எதற்கு முக்கோணம்? பெரியவர்கள் எதையும் ஆரம்பிக்கும்போது பிள்ளையார் சுழி போடுவார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன்.

இரண்டு ஞாயிறுகளைப் பிரேக்கே தின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். ஈரத் துணியால் சதுரத்தைத் துடைத்து, அங்கே ஒரு ஹாரனை வரைந்துவிட்டேன். வாழைப்பூ மாதிரிதான் வந்தது. ஆனால் பாய் புரிந்துகொண்டார். மறுநாள் முழுக்க உட்கார்ந்து ரப்பர் குமிழ் வைத்த பழைய ஹாரன் ஒன்றைக் கழுவி, ஒட்டி, ஊதி, வண்டியில் மாட்டிவிட்டார். பழைய சீட்டின் மேல் ஒரு கோரைப்பாயையும் விரித்து வைத்தார்.

அப்பா திங்கட்கிழமை விடியலில் வந்தார். அன்றுதான் பௌர்ணமி. தகரம் அப்படியே இருந்தது.

"கண்ணாடி எங்க பாய்?"

"சுவத்துல ஹாரன்தானே போட்டிருந்துச்சி."

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் நகத்துக்குள் சுண்ணாம்பு இருந்தது. முதுகில் இப்போது விழும், இப்போது விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குமிழை ஒருமுறை அமுக்கிப் பார்த்து, "சத்தம் நல்லாத்தான் வருது" என்றார். என் படம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தகரத்தை வெட்டி எடுக்க அரை நாள் ஆகும் என்றார் பாய். "கதவையே கழட்டிடலாம். நாலு போல்ட்டு." அப்படியே கழற்றினார்கள். ஆள் விழாமல் இருக்க அப்பா கட்டில் நாடாவைக் குறுக்கே மூன்று சுற்று இழுத்துக் கட்டினார். அத்தையின் விறைத்த கால் உள்ளே போக வசதியாக இருக்கட்டும் என்றுதான் கதவை எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கார் வாசலில் வந்து நின்றதும் அத்தை ஆரம்பித்தார். "கால்ல சுத்துற மலைய டயர்லயா சுத்துறது? நான் வரல."

அப்பா திறந்திருந்த வலதுபக்கத்தைக் காட்டி, "இங்க உக்காருக்கா" என்று மட்டும் சொன்னார். அத்தை அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோலை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். ஏறியதும் முதல் அதிகாரம்: "டேய் தம்பி, செருப்பக் கழட்டு. மலைய சுத்தறப்ப செருப்பா?" அப்பா செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலால் பிரேக்கை மிதித்து ஓட்டினார். இரண்டு ஞாயிறுகளைத் தின்ற பிரேக் அது.

இப்போதெல்லாம் பௌர்ணமி என்றால் அந்தப் பாதையில் காரை விடுவதில்லை. நாங்கள் போன காலத்தில் நடப்பவர்களே கம்மி. மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம்தான் வரும். அத்தை, ஓட்டாதே, நட என்று அப்பாவை அதட்டிக்கொண்டே வந்தார். கூட நடந்தவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். நான் முன் சீட்டில் இருந்து ஹாரனை விடவே இல்லை. ஒரு சாமியார் திரும்பி, "பாப்பா, மலை வழி விடாது. சும்மா இரு" என்றார்.

அடி அண்ணாமலை தாண்டியதும் அத்தை, "நிறுத்துடா, நிறுத்து. புளியமரம் போயிடுச்சி. கொஞ்சம் பின்னால வா" என்றார். நடந்து வந்த காலத்தில் அவர் உட்காருகிற மரமாம்.

அப்பா அசையவில்லை. "பின்னால போவாதுக்கா."

"இன்னாடா வண்டி வாங்குன நீ?"

கடைசியில், எங்களை முந்திப் போயிருந்தவர்களில் ஐந்து பேர் திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே முன்பக்கத்தில் கை வைத்து, அத்தையை உட்காரவைத்த மேனிக்கே காரைப் பின்னால் தள்ளினார்கள். மரம் வந்தது. அத்தை நாடாவைப் பிடித்துக்கொண்டு, கதவில்லாத இடத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சட்டத்துக்குள் மலை அடிமுதல் நுனிவரை அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் ஹாரனை ஒருமுறை அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஹாரன் எப்படி இருந்துச்சி அத்த?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எங்கடி அடிச்ச?" என்றார். எனக்கு இரண்டு நாள் கோபம்.

அடுத்த ஞாயிறு கிடங்குக்குப் போனபோது அப்பா சுவரில் புது வரிசை வரைந்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, பின்பக்கம் திரும்பிய பெரிய அம்பு. பாய் அதைப் பார்த்துச் சிரித்தபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அம்புக்குக் கீழே மறுபடி அந்தச் சதுரம், சதுரத்துக்குள் முக்கோணம். இந்தமுறை முக்கோணத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி. கதவே இல்லாத வண்டிக்கு ஜன்னல் எதற்கு என்று அப்பாவைக் கேட்க நினைத்து, திட்டுவார் என்று விட்டுவிட்டேன். புள்ளி, சுண்ணாம்பு தெறித்ததாகத்தான் இருக்கும். பாய் பார்த்துக் குழம்பிவிடப் போகிறாரே என்று, எச்சிலைத் தொட்டு அதைத் துடைத்துவிட்டு முட்டை தேடப் போனேன்.