வெள்ளைக்காரிக்கு முழுப் பேர்

போன கிழமை என் போன் தண்ணீருக்குள் விழுந்தது. எந்தத் தண்ணீர் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாத்தளைக் கடைவீதிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி நிறைய போன் உறைகள் தொங்கும் கடை. உள்ளே ஒருவர் குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும்போது நூல் மாதிரி ஒரு புகை எழும்புமே, குங்கிலிய வாசனையோடு, அது மூக்கில் ஏறியதும் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். முன்பு அந்த இடத்தில்தான் ரிஸ்வான் நானாவின் ரேடியோ கடை இருந்தது என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

அந்த வாசனை எனக்குக் கோயில் தூபத்தையும் ஞாபகப்படுத்தும். இரண்டும் பிசின்தானே. தவிர, என் முதல் உத்தியோகம் ஒரு கத்தோலிக்கக் கோயில் கந்தோரில். மேசைகள் இரண்டு, ஆட்கள் இரண்டு பேர். ஒன்று நான், டவுனில் பிறந்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, தலைக்கனத்துக்குக் குறைவில்லாமல் வந்தவள். மற்றவர் ஆரோக்கியம் அக்கா. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து, பத்தாம் வகுப்பு முடித்து, டைப்பிஸ்ட் ஆனவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மெஷின் வந்தது. எங்கள் பாதருடைய வெளிநாட்டு நண்பர் ஒருவர், தன் பல்கலைக்கழகத்தில் கழித்துவிட்டதைக் கப்பலில் அனுப்பியிருந்தார். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, வர்க்ஸ்டேஷன். அந்த வார்த்தையை நான் அக்காவிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். திரை ஆட்டுக்கல் கனம். பெட்டி பால்கோப்பி நிறம். அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரி நல்லா வாட்டசாட்டமா இருக்கா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குச் சிரிப்பு. நாங்கள் தினமும் பேர் பதியும் புத்தகத்தை, வரவு இடாப்பை, எடுத்தார். என் பெயருக்குக் கீழே 'வெள்ளைக்காரி' என்று எழுதினார். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைச் சீட்டைப் பார்த்து, அதிலிருந்த நீண்ட இலக்கத்தைப் பக்கத்தில் பதிந்தார்.

"என்னக்கா இது?"

"பேர் பதியாம யாரும் வேலைக்கி நிக்கக் கூடாது. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு இதுன்னு கேப்பாங்க இல்ல?"

தோட்டத்தில் அப்படித்தான். ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் வந்து நின்றால் மட்டும் போதாது. செக்ரோல் புத்தகத்தில் பேரும் நம்பரும் இருந்தால்தான் ஆள். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் வேலைதான் விழும். அதற்கு அரைப் பேர் என்று சொல்வார்கள். அக்கா இந்தச் சட்டத்தை அப்படியே கந்தோருக்குக் கொண்டுவந்துவிட்டார். மெஷின் மக்கர் பண்ணிய நாட்களில் மாலை நாலரைக்கு இடாப்பை விரித்து, "வெள்ளைக்காரிக்கி இன்னைக்கி அரைப் பேர்" என்று அறிவித்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். நானோ, தோட்டத்துப் புத்தி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.

அரைப் பேர் நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. கரண்ட் கட் காலம் வேறு. இரண்டு நாள் சும்மா கிடந்தால் உள்ளே ஹார்ட் டிஸ்க் ஒட்டிக்கொண்டு சுழலாது. அதைக் கழற்றிக் கையில் பிடித்து, சாவி திருப்புவது போல மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் உயிர் வரும். மழைக்காலத்தில் மெமரிப் பலகைகளின் பித்தளைப் பற்கள் கறுத்துவிடும். பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகவேண்டும். ஒரு முறை காற்றாடி நின்றுபோனது. அதற்குள் பல்லிக் குஞ்சு. அன்றைக்குக் கால் பேர்.

இத்தனை சீராட்டும் எதற்கென்றால், எங்கள் வேலை அப்படி. கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றினோம். தோட்டத்தில் லயத்துக்குள்ளேயே பிள்ளை பிறக்கும். பிறப்புப் பத்திரம் எடுக்க அரசாங்கக் கச்சேரிக்கு யார் போவது? அடையாள அட்டைக்கு அலையும்போது, இவன் இன்னாருடைய பிள்ளை, இந்த நாளில் பிறந்தவன் என்று சொல்ல அந்தப் பதிவு ஒன்றுதான் பல பேருக்குக் கதி. நாங்கள் ஏற்றி முடித்த கொஞ்ச நாளில் பழைய புத்தக அலுமாரியைக் கறையான் தின்றுவிட்டது. பாதர் ஜெபமாலையை உருட்டியபடி, "நல்ல வேளை, மெஷின்ல இருக்கு" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று பெருமை தாங்கவில்லை.

இனி என் கைங்கரியம். கோயில் திருவிழாவுக்குத் துப்புரவு செய்தோம். வெள்ளைக்காரியும் மினுங்கட்டுமே என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். முதுகில் அந்த வெள்ளைச் சீட்டு ஓரம் கிளம்பி, அழுக்குப் பிடித்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. சுரண்டி எடுத்து வீசிவிட்டேன். பார்க்க என்ன அழகாக இருந்தது தெரியுமா!

அடுத்த கிழமை, சனிக்கிழமை காலையில் அக்கா அழுதுகொண்டே கந்தோருக்கு வந்தார். அவர் தம்பி செபஸ்தி கொழும்பில் ஒரு கடையில் வேலை. வியாழன் அன்று அவன் தங்கியிருந்த இடத்தைச் சுற்றிவளைத்து, அடையாள அட்டை இல்லாதவர்களை எல்லாம் பொலிஸ் கொண்டுபோயிருந்தது. கடை முதலாளி நல்லவர், தபால் கந்தோருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். யாரென்று நிரூபிக்க எழுத்தில் ஏதாவது வேண்டும், திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் கொண்டுவராவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று. வேறு இடம் என்றால் என்ன என்று அந்த யுத்த நாட்களில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

"அவன் பதிவை எடுத்துத் தாம்மா. பாதர் கடிதம் எழுதித் தாறேன்னுட்டாரு."

மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: என் அடையாள எண் செல்லாது. திரும்பப் போட்டேன். அதே வரி. அழிறப்பர் எடுத்தேன், மணிக்கட்டை வெட்டினேன், தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். எப்படியோ தட்டுத்தடுமாறி எழும்பியது. ஆனால் பதிவுகள் இருந்த மென்பொருள் திறக்கவில்லை. அது அந்த ஒரு மெஷினின் எண்ணுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட மென்பொருள். நீ யார் என்று கேட்கிறது. மெஷினுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே கிழமையில் இரண்டு பேருக்கு அடையாளம் இல்லாமல் போய்விட்டது என்று இன்று எழுதுகிறேன். அன்று நான் செய்தது, கைநூலை இழுத்து விரித்ததுதான்.

வெளிநாட்டு நண்பர் கைநூலுக்குள் ஒரு தாள் வைத்திருந்தார். உள்ளே ஒரு சில்லு, அதற்குள்ளேயே சின்னதாக ஒரு பெட்டரி. பத்து வருஷத்தில் அது செத்தால் மெஷின் தன் எண்ணை மறந்துவிடும். பெட்டரியை மாற்றி, எண்ணைத் திரும்பத் தட்டவேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். எண், பெட்டியின் முதுகில் உள்ள சீட்டில் இருக்கிறதாம்.

அக்கா எழும்பிப் போய் முதுகைப் பார்த்தார்.

"சீட்டைக் காணோமே?"

"கரப்பான் தின்னிருச்சி போலக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். அவர் தம்பியின் உயிர் அந்தச் சீட்டில் இருந்தது, அதை நான் அழகு பார்த்து வீசியிருந்தேன். அக்கா குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, "அதான் பேர் பதிஞ்சோமே" என்றார்.

பழைய இடாப்பைத் தேடி அலுமாரியைக் கவிழ்த்தோம். கடைசியில் அது திரைக்கு அடியில் கிடந்தது. திரை உயரம் போதாமல் பணிவாக இருக்கிறது என்று நான்தான் அதை அடியில் வைத்து முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்துத் தூசி தட்டினால் முதல் பக்கத்திலேயே வெள்ளைக்காரி, நம்பரோடு.

ரிஸ்வான் நானாவைக் கூட்டிவந்தேன். ரேடியோ, டீவி தவிர வேறு எதையும் திறந்ததில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் தாளை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சில்லைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது மௌத்தாகல்ல தங்கச்சி. மறதி வந்திரிக்கி, அவ்வளவுதான்."

இரும்பு அறுக்கும் உடைந்த வாள் அலகால் சில்லின் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். மயிரிழை அதிகமாக அறுத்தால் முடிந்தது கதை. உள்ளே இரண்டு கம்பி முனைகள் மினுங்கின. செத்த பெட்டரியின் தொடுப்பை வெட்டிவிட்டு, இரண்டு பேனா டோர்ச் பெட்டரியை வயரால் பற்றவைத்தார். அப்போது எழும்பியதுதான் அந்தப் புகை. அக்கா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நானா பிஸ்மி சொல்லிச் சில்லைச் செருகினார்.

எண்ணைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. மென்பொருளைத் திறந்தேன். நீ அந்த மெஷின் இல்லை என்றது.

நான் இடாப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் இலக்கம். கைநூலில் உதாரணத்துக்குக் கொடுத்திருந்த எண்களிலோ நடுநடுவே ஆங்கில எழுத்து இருந்தது.

"அக்கா, இதுல எழுத்து ஒண்ணும் இருக்கலையா?"

அவர் யோசித்தார். சட்டென்று முகம் வெளுத்தது. "சின்ன 'பி' மாதிரி ஒண்ணு இருந்திச்சி. நம்பருக்குள்ள எழுத்து எப்படிம்மா வரும்? எங்க செக்ரோல்ல அப்படிக் கெடையாதே. அச்சுப் பிழைன்னு நான்தான் ஆறுன்னு திருத்திட்டேன்."

நானாவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. எனக்கோ அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிழை விட்டவள் நான் மட்டும் இல்லையே என்று ஒரு கேவலமான ஆறுதல். எண்ணில் மூன்று ஆறு இருந்தது. முதல் ஆறைப் 'பி' ஆக்கித் தட்டி, மெஷினை நிறுத்தி, திரும்பப் போட்டுக் காத்திருந்தோம். இல்லை. இரண்டாவது ஆறு. இல்லை. கோயிலில் ஆறு மணி அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதைத் தட்டினேன். திறந்தது.

செபஸ்தியின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், பிறந்த திகதி எல்லாம் பச்சை எழுத்தில் வந்து நின்றன. அக்கா திரையைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் கடிதம் எழுதி முத்திரை குத்தினார். திங்கட்கிழமை விடிய, முதல் பஸ்ஸில் அக்கா போனார். வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறினாரோ, நான் கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்து செபஸ்தி வந்தான். பாதி ஆளாகியிருந்தான். "எது அந்த மெஷினு?" என்று கேட்டு, மெதுவாக அதன் பக்கத்தைத் தட்டிக்கொடுத்தான்.

"தட்டாதடா, மறந்துறப் போகுது" என்றார் அக்கா. அன்றுதான் அவர் திரும்பச் சிரித்ததைக் கேட்டேன்.

இன்னும் சில வருஷம் வெள்ளைக்காரி ஓடினாள், முதுகில் இரண்டு பெட்டரியைக் கட்டிக்கொண்டு. பிறகு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன, பதிவுகள் அவற்றுக்கு மாறின. ஒரு நாள் பழைய இரும்பு எடுக்கும் லொறியில் அவளை ஏற்றினார்கள். லொறி திரும்பும்வரை வாசலில் நின்ற அக்கா, உள்ளே வந்து இடாப்பை விரித்தார். ஒவ்வொரு புதுப் புத்தகத்திலும் கடைசி வரியில் அந்தப் பெயரை அவர் விடாமல் எழுதிவந்தார்.

"முழுப் பேர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இன்னைக்கி அது வேலையே செய்யலியேக்கா?"

"வந்துட்டுத்தானே போவுது." பிறகு தலை நிமிராமல் கேட்டார்: "ஏம் புள்ள, கரப்பான் தின்ன எடத்துல மண்ணெண்ணெ வாசம் வருமா?"

அத்தனை வருஷமும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை, தம்பி எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தபோதே தெரிந்திருக்கிறது.

"ஒனக்கு இன்னைக்கி அரைப் பேர்தான்" என்று எழுதி, புத்தகத்தை மூடி, குடையை எடுத்துக்கொண்டார்.

ரிஸ்வான் நானா கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். சாவடிகள் இல்லை. கந்தோரில் இப்போது விரலை வைத்தால் போதும், வரவு பதிந்துவிடும். அக்காவும் இல்லை, எல்கடுவச் சேமக்காலையில் அவர் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறார். நான்தான் சுரண்டினேன் என்று கடைசிவரை அவரிடம் என் வாயால் சொல்லவே இல்லை. அந்தப் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. எங்காவது கிடைத்தால், என் பெயருக்கு நேரே அவர் கையால் போட்ட அந்த அரைப் பேரை ஒருமுறை பார்க்கவேண்டும்.