கம்பி பிடிக்காதவர்

மெட்டுகுடாவில் கம்பெனி பஸ் ஏறினால் ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி வரை என் சக ஊழியர் ஒருவர் நின்றேதான் வருவார். கம்பியைத் தொடமாட்டார். கைகள் வேர்க்கடலை உரிக்கும், வாய் கதை சொல்லும். ஒல்லி உடம்பில் தொளதொள சட்டை. கொடியில் காயும் துணி மாதிரி இருப்பார், ஆனால் விழமாட்டார்.

என் காலில் மாவுக்கட்டு பிரித்த வாரம் அது. இன்னொரு முறை விழுந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். யாரிடமும் இடம் கேட்க ரோஷம் விடவில்லை, நின்றேன். அவரோ ராமேஸ்வரம் படகுக் கதையை எடுத்தார்.

"அலை தூக்குது... படகு அப்படியே சாயுது, சாயுது..."

பஸ் நேர் ரோட்டில்தான் போனது. என் முழங்கால் மட்டும் கடலுக்குப் போய்விட்டது.

"சார், அசையாத எதையாவது பத்திப் பேசக்கூடாதா?"

"கதை கேட்டே கால் ஆடுதா? சரி, நம்ம ஊர் மௌலாலி பாறைக் குன்றைப் பிடிச்சுக்குங்க!"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அந்தப் பாறை எப்படி அழுந்தி உட்கார்ந்திருக்கிறது, வெயிலில் எப்படிக் கனத்துக் கிடக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, என் பாதம் தரையைக் கண்டுகொண்டது. ஃபாக்டரி வாசல்வரை ஆடவில்லை.

இறங்கும்போது நன்றியாக ஏதாவது சொல்லத் தோன்றியது. படியில் கால் வைத்தவரிடம், "பார்த்து சார், வழுக்கும், விழுந்துடாதீங்க" என்றேன்.

தடுமாறிவிட்டார். கடலை சிதற, முதல்முறையாகக் கம்பியைப் பிடித்தார்.

"நக்கோ சார், வேணாம்! உங்களுக்கு நான் மலையைக் கொடுத்தேன். நீங்க எனக்கு இதையா குடுக்கறது?"

படி காய்ந்துதான் இருந்தது. மறுநாளிலிருந்து, என்னை முதலில் இறக்கிவிட்டு, நான் கூப்பிடு தூரம் தாண்டிய பிறகே அவர் இறங்கினார்.