விரியாத பெரிய பாராசூட்

என் மகளின் ராக்கெட்டை என் பழைய முதலாளிதான் வேண்டுமென்றே விழ வைத்தார் என்று ஆறு நாள் முழுதாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருடைய கோழிப்பண்ணை வாசலில், நாலு வேலையாட்கள் முன்னால், இருபத்திரண்டு வருடமாக உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். ஐம்பது வயதுக்காரன், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவன், தலையில் பைக் ஹெல்மெட்டோடு. அது ஏன் தலையில் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாளியிடம் அந்தக் காலத்தில் மூன்று போர்வெல் லாரிகள் இருந்தன. நான் கம்ப்ரசர் மெக்கானிக். அந்த வண்டிக்கு எல்லாமே காற்றுதான். பூமிக்குள் கல்லை உடைப்பது காற்று, உடைந்த தூளை மேலே தள்ளுவதும் காற்று. ஒரு இணைப்பில் ஊசிமுனை அளவு கசிந்தாலும் கீழே அடி சோர்ந்துவிடும். ஆகவே முதலாளிக்கு உலகத்தில் ஒரே எதிரி ஓட்டை. சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷ்ஷுமாக வண்டியைச் சுற்றி வருவார். நுரை கிளம்பிய இடத்தில் என் அப்பாவை இழுப்பார். "ஏண்டா, உங்கொப்பன் ஊட்டுக் காத்தாடா இது, இப்பிடித் தொறந்து உட்டிருக்கற?" நான் போய் அடைப்பேன். பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் கறுப்புப் பசை உருண்டை ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். மற்றவர்கள் பையில் வெற்றிலை வைத்திருந்த மாதிரி.

ஒருமுறை ஓமலூர் தாண்டி ஒரு தோட்டத்தில் வேலை நடக்கும்போது காற்று ஹோஸ் பிடுங்கிக்கொண்டு சுழன்று என் தோளில் அறைந்தது. காறை எலும்பு போய்விட்டது. சேற்றில் கிடக்கிறேன். முதலாளியின் கார் வந்து நின்றது. இறங்கினார், என்னைத் தாண்டிப் போனார், ஹோஸ் முனையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "கிளாம்பு போட்டது யாரு?" என்றார். அதற்கப்புறம்தான் கீழே ஒருவன் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. அந்தக் கிளாம்பு இத்துப்போனது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று தடவை கேட்டவன் நான். அன்றைக்கு அதைச் சொன்னேனா? இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு "சரீங்க முதலாளி" என்றேன். எதற்குச் சரி என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

பிறகு அவர் வண்டிகளை விற்று வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை போட்டார். நானும் அதே பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தேன். சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகள் ஒருநாள் நீளமான பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினாள். உள்ளே அட்டைக் குழாய், கூர்மூக்கு, நாலு சிறகு, ஒரு பாராசூட். கல்லூரி ராக்கெட் குழுவில் சேர வேண்டுமென்றால் அதை ஏவி, உடையாமல் மீட்டுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். சுற்றுவட்டாரத்தில் தென்னையும் கரண்ட் கம்பியும் இல்லாத ஒரே தரிசு முதலாளியுடையது. போய்க் கைகட்டி நின்று கேட்டவன் யார்? நான்தான்.

முதல் தடவை நன்றாகத்தான் ஏறியது. உச்சியில் பாராசூட் விரிந்து, காற்றோடு கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாக நகர்ந்து, வேலியைத் தாண்டிக் கோழிக் கொட்டகையின் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தது. உள்ளே அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கத்தின. முதலாளி வேலியருகே வந்தார். "ஏண்டா, கோழி நெஞ்சு வெடிச்சுச் செத்தா உன்ர ராக்கெட்டா வந்து முட்டை வெக்கும்? இன்னொருக்கா வேலி தாண்டுச்சுன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது. பாப்பாகிட்டச் சொல்லிப்போடு." அன்றைக்கும் நான் சொன்னது "சரீங்க முதலாளி"தான்.

மகள் அசரவில்லை. குழாயை இரண்டாக அறுத்தாள். "ரெண்டு பாராசூட் வெக்கறனுங்ப்பா. உச்சில சின்னது மட்டும் விரியும். அதுல வெடுக்குனு எறங்கிரும், காத்து இழுத்துட்டுப் போக நேரமிருக்காது. தரைக்குக் கிட்ட வந்தப்புறம் பெருசு விரியும்." தரை கிட்டே வந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறை செய்து, அதில் விரலளவு கருவி ஒன்றை வைத்திருந்தாள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதை வைத்து அது உயரத்தைக் கண்டுபிடிக்குமாம். சின்னதை ராக்கெட் மோட்டாரே உச்சியில் தள்ளிவிடும், பெரியதைத் தள்ளச் சொல்வது இந்தக் கருவி. அறையைச் சுற்றி மூன்று ஓட்டைகள் போட்டாள். "இது அதுக்கு மூக்குங்ப்பா" என்றாள். எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன். பெரிய பாராசூட்டை என் மனைவி பழைய குடைத் துணியில் தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியின் பம்ப்செட் அறையில் வைத்து ராக்கெட்டைக் கோத்து முடித்தோம். அங்கேயே வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனோம். திரும்பி வந்து, தரிசில் நட்டிருந்த ஏவுகம்பியில் மாட்டினாள். பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்தாள். வண்டியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "அப்பா, அது மேலதான் போகும். நீங்க எதுக்கு ஒளியறீங்க?" என்றாள். சீறிக்கொண்டு போனது. உச்சியில் சின்னது விரிந்தது. சொன்ன மாதிரியே விறுவிறுவென்று நாங்கள் நின்ற தரிசுக்கே இறங்கியது. பெரியது விரியும், இதோ விரியும் என்று வாயைப் பிளந்து நின்றேன். விரியவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததை எங்கள் வீட்டில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். வேட்டியை அவிழ்த்து இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி, அண்டர்வேரும் ஹெல்மெட்டுமாக, ராக்கெட்டைப் பிடிக்க ஓடினேன். எனக்குப் பத்தடி தள்ளிச் செம்மண்ணில் குத்தி இரண்டாக உடைந்தது.

மகள் குனிந்து நடுத்துண்டை எடுத்தாள். கறுப்புக் குழாயில் கறுப்புப் பசை, பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "ஓட்டைய அடைச்சிருக்குதுங்ப்பா" என்றாள், மெதுவாக. மூக்கு அடைபட்ட கருவிக்கு ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. தரையிலேயே கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்து விழுந்திருக்கிறது. இந்த ஊரில் காற்று ஓட்டையைக் கண்டால் கை அரிக்கிற ஆள் யார்? இட்லி சாப்பிடப் போன நேரத்தில் பம்ப்செட் சாவி யாரிடம் இருந்தது? வேட்டியைக் கட்டிக்கொண்டு நேரே பண்ணை வாசலுக்குப் போனேன்.

"உங்களுக்கு ஓட்டைதானுங்க கண்ணுக்குத் தெரியும். மனுசன் தெரிய மாட்டான். சேத்துல எலும்பு ஒடஞ்சு கெடந்தப்பவும் தெரியல, இன்னைக்கு எம்புள்ள படிப்பும் தெரியல." இன்னும் நிறைய. கிளாம்பையும் சொன்னேன், மூன்று தடவை கேட்டதையும் சொன்னேன், என் அப்பா பெயரை எடுத்ததற்கு அவர் அப்பாவையும் விடவில்லை. முதலாளி கையில் தண்ணீர் வாளியோடு கேட்டுக்கொண்டே நின்றார். "பேசி முடிச்சிட்டயா? கோழிக்குத் தண்ணி காட்டோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தத் திமிரில் எனக்கு இன்னும் ஆறு நாளைக்குக் கோபம் கிடைத்தது. டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், மோட்டார் கட்ட வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்.

ஏழாம் நாள் மகள் கூப்பிட்டாள். கல்லூரிக்குக் காட்டுவதற்காக, கோக்கிற வேலையை அவள் செல்போனை ஜன்னலில் சாத்தி வைத்துப் படம் பிடித்திருக்கிறாள். எனக்கே அது தெரியாது. "இதப் பாருங்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

படத்தில் அவள் ஏவுகம்பியை நட வெளியே போகிறாள். நான் தனியாக இருக்கிறேன். முதலாளியைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டே நடுத்துண்டைக் கையில் எடுக்கிறேன். ஒரு ஓட்டையில் வாயை வைத்து ஊதி, இன்னொன்றின் அருகே ஈர விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது. வாய் மறுபடியும் திட்ட ஆரம்பிக்கிறது. கை சட்டைப்பைக்குப் போகிறது, பழைய பழக்கத்தில் இன்றும் அங்கே கிடக்கும் பசையைக் கிள்ளுகிறது, உருட்டுகிறது, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி வழித்து விடுகிறது. அப்புறம் முழுக் குழாயையும் திருப்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்கிறேன். சாப்பிடப் போகும்போது கதவைச் சாத்துகிறேன். நாங்கள் திரும்பி வரும்வரை படம் ஓடுகிறது. அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

ஓமலூர் விஷயத்தில் நான் கத்தியது ஒரு சொல் விடாமல் உண்மை. அதை நாளைக்கே போய் இன்னொரு தடவை கத்தச் சொன்னாலும் கத்துவேன். ஆனால் முதலாளி அந்த ராக்கெட்டைத் தொடவே இல்லை. மூன்று ஓட்டைகளையும் அடைத்தது நான். என் மகளுக்கு அந்த வருடம் குழுவில் இடம் கிடைக்கவில்லை.