மஹராகக் கேட்ட நாவல்

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை தரவேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று அப்பாவின் அண்ணனான பெரியத்தா உள்ளே வந்து கேட்டார். எல்லாப் பெண்களையும் கேட்பார்கள். பெரியவர்கள் பேசிவைத்த பவுனுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் மட்டும், ஒரு இங்கிலீஷ் நாவலை மாப்பிள்ளை எனக்குக் கடைசிவரை வாசித்துக் காட்ட வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா வெளாட்றியா? சபையே குந்திகினு கீது!"

பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். பாடமாக இருந்த அந்த நாவலும் ஆரம்பத்திலேயே நின்றுபோனது. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. உலகத்துக்குப் பெரிதாக ஏதாவது செய்யத் துடிக்கிற ஒரு பெண், ஊரார் பேச்சைத் தள்ளிவிட்டு ஒரு கிழட்டுப் பண்டிதரைக் கட்டிக்கொள்கிறாள், அவர் ஆராய்ச்சிக்குத் துணையிருக்கலாம் என்று. அவரோ அவளைக் கிட்டவே சேர்ப்பதில்லை.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் நல்ல மனிதர். கற்றுக்கொடுப்பதும் மஹர்தான், மாப்பிள்ளை ஒத்துக்கொண்டால் செல்லும் என்றார். மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருக்குச் செங்கல்பட்டு பஜாரில் செருப்புக் கடை. வெள்ளிக்கிழமை லீவு. தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி மாமல்லபுரம் போவோம். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வாசிப்பார். உச்சரிப்பெல்லாம் அவர் இஷ்டம். கதாநாயகிமேல் ஓயாத கோபம்.

"கெழவன் பொஸ்தகத்த கட்டிகினு அழுவுறான், இவ அவன கட்டிகினு அழுவுறா!"

"பெருசா ஏதோ செய்யணும்னு நெனச்சா மச்சான்."

"நீயுந்தான் நெனச்ச. நான் கூட குந்தி படிக்கல?"

சிரித்துவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளினேன்.

பண்டிதர் சாகும் இடம்வரை வந்தோம். அதற்குள் கடை நொடித்தது. துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தார். எங்களில் பயணம் புறப்படுகிறவர் எல்லோரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். போன இடத்தில் உயிர் போனால், பாக்கியோடு மௌத்தாகிவிடக் கூடாதே. என்னிடமும் கேட்டார்.

"மஹர் பாக்கி கீது. பொறுத்துகினேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"பொறுக்க மாட்டேன். வந்து படிச்சுக் காட்டு."

மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். மச்சான் மட்டும் சிரித்தார்.

இரண்டு நோன்புப் பெருநாள்கள் அவரில்லாமல் வந்துபோயின. கடிதத்துக்குக் கடிதம், அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதினார். அவரைவிட எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். கதையில் விதவையான அந்தப் பெண் மனசுக்குப் பிடித்த யாரையாவது கட்டிக்கொண்டாளா, ஊர் அவளை விட்டுவைத்ததா என்று தெரிந்துகொள்ள மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் புத்தகத்தைத் தொடவில்லை. நானே படித்து முடித்துவிட்டால், பாக்கி தீர்ந்துவிட்டதென்று அவர் வராமலே இருந்துவிடுவாரோ என்று பயம்.