கொளுத்தாத அரை ஏக்கர்

கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். அதில் ஒரு மண்கட்டியை மெல்ல இறக்கிவிட்டு, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கட்டி உடனே கரைந்தால் உதட்டைப் பிதுக்குவாள். கரையாமல் நின்றாலோ அது உயிருள்ள மண்; பரீட்சையில் தானே தேறியதுபோல் ஒரு சிரிப்பு. கல்லூரிப் பண்ணையின் டிராக்டர் கொட்டகையில் தினமும் காலையில் இதுதான் காட்சி. "டீ டம்ளரையாவது விட்டுவைம்மா!" என்று கத்துவார் டிராக்டர் ஓட்டுநர்.

வேளாண்மை மூன்றாம் ஆண்டு மாணவி. பைக்குள் புத்தகத்தைவிட மண்தான் அதிகம். விடுதியில் வைத்த பெயர் 'மண்ணாங்கட்டி'. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது. "எந்த வயல் மண்ணாங்கட்டி? அதைச் சொல்லு" என்பாள்.

ஓட்டுநருக்கு ஆரம்பத்தில் அவளைக் கண்டாலே ஆகாது. அறுவடை முடிந்ததும் வயலில் மிஞ்சும் நெல் தாளுக்குத் தீ வைப்பது பண்ணையில் வெகுநாள் வழக்கம். ஒரே நாளில் வயல் சுத்தம். "மண்ணுல இருக்கிற உயிரெல்லாம் வெந்து போகுது சார்" என்று மேலாளரை நச்சரித்து, அரை ஏக்கரைக் கொளுத்தாமல் விடச் செய்தாள். வைக்கோலை மண்மேல் போர்வையாகப் பரப்பி, அதன் ஊடே விதைப்பது திட்டம். பரப்பும் வேலை ஓட்டுநர் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாகக் குவியல் குவியலாகத் தள்ளிவிட்டுப் போனார். விதைக்கும் கருவி பத்தடிக்கு ஒருமுறை சிக்கி நின்றது. பயிர், சொட்டை விழுந்த தலைபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது.

மேலாளர் எல்லாரையும் கூட்டினார். "யார் பண்ண வேலை இது?"

ஓட்டுநர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார். அவர் இன்னும் நிரந்தரமாகாத ஆள்.

அவள் எழுந்தாள். "சீராப் பரப்பணும்னு நான் யாருக்கும் சொல்லல சார். கூட நின்னு பாக்கவும் இல்ல. தப்பு என்னோடது. இன்னொரு போகம் குடுங்க."

மேலாளர் சம்மதித்தார். மறுநாள் ஓட்டுநரே அவளைத் தேடிப் போனார். "வைக்கோலைப் பொடிப்பொடியா நறுக்கிட்டா கருவி சிக்காதும்மா. நறுக்குற மிஷின் கொட்டகையிலதான் தூங்குது." இருவருமாக அதைத் தட்டி எழுப்பினார்கள்.

அந்தப் போகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மற்ற வயல்கள் வெடித்து வாய் பிளந்து கிடக்க, அரை ஏக்கர் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. மேலாளர் குனிந்து வைக்கோலுக்குள் கைவிட்டார். விரலில் ஈரம். "இனிமே எந்த வயல்லயும் நெருப்பு வைக்காதீங்க" என்றார்.

மாணவர் மன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு அவள் ஓர் அறைக்கதவையும் தட்டவில்லை; ஆனாலும் தலைவியாகிவிட்டாள். முதல் கூட்டத்திலேயே, "விடுதிச் சமையலறைக் குப்பை எங்க போகுதுன்னு யாருக்காவது தெரியுமா? வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று மொத்தப் பேரையும் கிளப்பிக்கொண்டு போனாள். இப்போது அந்தக் குப்பை பண்ணைக்கு எரு. ஏற்றி வருபவர் ஓட்டுநர்தான். யாரிடம் பேசினாலும் "எங்க தலைவி" என்பார். குரலில் ஒரு சுருதி ஏறியிருக்கும்.

போன வாரம் விவசாயிகள் பண்ணையைப் பார்க்க வந்தார்கள். மேடையில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்க நிலம் களிமண்ணும்மா. தண்ணி தேங்கும். வைக்கோல் போட்டா அழுகிடாதா?"

"தெரியலைங்க" என்றாள், கூசாமல். "பாத்தாத்தான் சொல்ல முடியும். எவ்வளவு தூரம்?"

"பைக்ல அரை மணி நேரம்."

மேடையைவிட்டு இறங்கினாள். ஓரமாக நின்ற ஓட்டுநரின் கையில் கேடயத்தைத் திணித்தாள். "கொஞ்சம் பிடிங்கண்ணா." அவர் வாய் திறப்பதற்குள் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, அந்த விவசாயியின் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.